பரம்பரைக் கொலஸ்ட்ரால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது வயதில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், "அவங்க அப்பாவும் இப்படித்தான் திடீர்னு போனார்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அந்த ஒரு வரியிலேயே நோயறிதலின் பாதி இருக்கிறது. மீதிப் பாதி லேப் ரிப்போர்ட்டிலும் குதிகாலிலும் இருக்கிறது. பிறவியிலேயே எல்டிஎல் கொலஸ்ட்ரால் (ரத்தக்குழாயில் படியும் 'கெட்ட' கொலஸ்ட்ரால்) ஏறிக்கிடக்கும் குடும்பங்களுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. இதன் நெருங்கிய உறவுகளான மற்ற ரத்தக் கொழுப்புக் கோளாறுகள் கடைசியில் சுருக்கமாக வருகின்றன.

யாருக்குத்தான் கொலஸ்ட்ரால் இல்லை? இதை மட்டும் ஏன் தனியாகப் பேச வேண்டும்?

பெரும்பாலானவர்களுக்கு வயது, தொப்பை, சாப்பாடு, சர்க்கரை எல்லாம் சேர்ந்து நாற்பதுக்கு மேல் மெல்ல ஏறும். பரம்பரை வகை அப்படி ஏறுவதில்லை, தொட்டிலிலேயே ஏறித்தான் இருக்கும்.

ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் வேலை கல்லீரலுடையது. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் அதற்கென்று கொக்கி மாதிரி ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பிக்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றும் வருகிறது. அதில் ஒன்று பழுதானால் வேலை செய்யும் கொக்கிகள் ஏறக்குறைய பாதியாகிவிடும், எல்டிஎல் இரண்டு மடங்காகத் தேங்கும். குடும்பம் குடும்பமாகக் கொழுப்புக் கட்டியும் நெஞ்சுவலியும் வருவதை நார்வேயின் கார்ல் முல்லர் 1930களிலேயே விவரித்துவிட்டார். காரணம் இந்த ஏற்பிதான் என்று 1970களில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் கண்டுபிடித்தவர்கள் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும். 1985இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பிக்கான எல்டிஎல்ஆர் மரபணுவில்தான் பெரும்பாலும் பழுது இருக்கும். சிலருக்கு ஏபோபி, பிசிஎஸ்கே9 என்ற வேறு இரண்டு மரபணுக்களில் இருக்கும்.

உலக அளவில் சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவருக்கு இது உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. 300க்கு ஒன்று என்றே வைத்தாலும் 2.4 லட்சம் பேர் வருகிறார்கள். அரிய நோய் என்று இதைத் தள்ளிவைக்க முடியாது.

ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

மொத்தக் கொலஸ்ட்ராலை விட்டுவிட்டு எல்டிஎல்லைப் பாருங்கள். மருந்து எதுவும் சாப்பிடாத பெரியவருக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 190 மி.கி.க்கு மேல் இருந்தால் பரம்பரை வகையா என்று கேட்டே ஆக வேண்டும். குழந்தைக்கு அந்தக் கோடு 160. வெளிநாட்டு ரிப்போர்ட்டில் மில்லிமோல் கணக்கு இருந்தால் 38.67ஆல் பெருக்குங்கள். அங்கே 4.9 என்பது இங்கே 190.

பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல் என்ற 'நல்ல' கொலஸ்ட்ராலையும், ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். மொத்தம் 312, எச்டிஎல் 44, ட்ரைகிளிசரைடு 130 என்றால், 312லிருந்து 44ஐயும் 26ஐயும் கழிக்க 242 வரும். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

தப்புக்கணக்கு ஆகும் இடங்கள் சில உண்டு. மாரடைப்பு வந்து ஒரு நாள் கடந்தபின் எடுத்த ரத்தத்தில் எல்டிஎல் குறைவாகக் காட்டும். அதை நம்பி "கொலஸ்ட்ரால் நார்மல்தான்" என்று கோப்பை மூடிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தைராய்டு குறைவு, சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக நோய், பித்தநீர் அடைப்பு, கர்ப்பம் ஆகியவை எல்டிஎல்லை உயர்த்தும். ஆகவே டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்), சிறுநீர்ப் புரதம், கல்லீரல் பரிசோதனை மூன்றையும் பார்த்துவிட்டு, இன்னொரு முறையும் எல்டிஎல் எடுத்த பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறேன், எல்டிஎல் 120தான். எனக்கு இருக்காதா?

மாத்திரைக்கு முந்தைய எண் என்ன என்பதுதான் கேள்வி. ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. எல்டிஎல்லைச் சுமார் பாதியாக்கும். அதைச் சாப்பிட்டும் 120 என்றால் மருந்தில்லாமல் 240 பக்கம் இருந்திருக்கும். பரிசோதனைக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள், தலைகீழாகக் கணக்குப் போட்டாலே போதும்.

உடம்பில் ஏதாவது அடையாளம் தெரியுமா?

தெரியும். ஆனால் டாக்டரும் நோயாளியும் தொட்டுப் பார்க்க மறந்துவிடும் இடம் அது. நாற்காலியில் முழங்கால் போட்டு, பாதம் பின்னால் தொங்கும்படி இருங்கள். கெண்டைக்காலிலிருந்து குதிகாலுக்கு இறங்கும் தடித்த தசைநாணை இன்னொருவர் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பக்கவாட்டில் பிடித்து, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சாதாரணமாக அது பட்டையான வார் மாதிரி, ஓரங்கள் நேராக இருக்கும். கொழுப்பு படிந்திருந்தால் நடுவில் பருத்து, விரலுக்கு மேடுபள்ளமாகத் தட்டுப்படும். மேல்தோலை நகர்த்தினால் அந்த மேடு கூடவே நகராது, ஏனென்றால் அது தசைநாணுக்குள்ளேயே இருக்கிறது. புறங்கையில் விரல் முட்டிகளுக்கு மேலும் இப்படி வரும். கையை மூடித் திறக்கும்போது கட்டியும் தசைநாணோடு ஓடும். கொழுப்புக் கட்டி என்று வெட்டி எடுத்துவிட்டு, எல்டிஎல் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நோய் அப்படியே உள்ளே இருக்கும்.

கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் 45 வயதுக்குள் இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. அறுபதுக்கு மேல் பலருக்கும் அது சாதாரணம். இமையோர மஞ்சள் படலம் கொலஸ்ட்ரால் சரியாக இருப்பவர்களுக்கும் வரும், அதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. அடையாளமே இல்லாமல் பரம்பரை வகை இருப்பவர்களும் நிறைய.

டாக்டர்கள் எப்படி உறுதி செய்கிறார்கள்?

டச்சு லிப்பிட் கிளினிக் மதிப்பெண் முறை பரவலாகப் பயன்படுகிறது. எல்டிஎல் 190 முதல் 249 வரை என்றால் 3, 250 முதல் 329 வரை 5, 330க்கு மேல் 8. பெற்றோர், உடன்பிறப்பு, பிள்ளை இவர்களில் ஆணுக்கு 55க்குள் அல்லது பெண்ணுக்கு 60க்குள் இதய நோய் வந்திருந்தால் 1. தசைநாணில் கொழுப்புக் கட்டி இருந்தால் 6, இளவயது வெள்ளை வளையத்துக்கு 4, மரபணுப் பழுது உறுதியானால் 8. மொத்தம் 8ஐத் தாண்டினால் உறுதி, 6 முதல் 8 வரை பெரும்பாலும் உண்டு, 3 முதல் 5 வரை இருக்கக்கூடும்.

எல்டிஎல் 242 உள்ளவரின் அப்பாவுக்கு 48 வயதில் மாரடைப்பு என்று வையுங்கள். 3ம் 1ம் சேர்ந்து 4, அதாவது 'இருக்கக்கூடும்'. அவர் குதிகாலில் ஒரு மேடு தட்டுப்பட்டால் 10, 'உறுதி'. அரை நிமிடத் தொடுகைக்கு அவ்வளவு எடை.

மரபணுப் பரிசோதனை கட்டாயமா?

இல்லை. சிகிச்சையை எல்டிஎல் எண்ணை வைத்தே தொடங்கலாம். பழுது கிடைக்கவில்லை என்பதாலும் நோய் இல்லை என்று ஆகாது. பல சிறு மரபணு மாற்றங்கள் சேர்ந்தும் எல்டிஎல் அந்த அளவுக்கு ஏறும். குடும்பத்தில் ஒருவருக்குப் பழுது இன்னதென்று தெரிந்தால், 'இரண்டுங்கெட்டான்' எண்ணோடு நிற்கும் தம்பிக்கோ மகளுக்கோ அந்த ஒன்றை மட்டும் தேடி ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடலாம். பரிசோதனையின் பெரிய பயன் அதுதான். இன்னொன்று: எல்டிஎல் 190க்கு மேல் உள்ள இருவரில் மரபணுப் பழுதும் உள்ளவருக்கு இதய நோய் ஆபத்து பல மடங்கு கூடுதல். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

ரத்தக்குழாயில் என்னதான் நடக்கிறது?

எல்டிஎல் துகள் குழாயின் உட்சுவரைத் துளைத்து உள்ளே போய், அங்குள்ள சர்க்கரைப் புரத இழைகளில் ஒட்டிக்கொள்கிறது. அதை அகற்ற வரும் வெள்ளணுக்கள் விழுங்கி விழுங்கி நுரை மாதிரி உப்பி அங்கேயே சாகின்றன. அந்தக் குப்பைமேட்டின்மேல் ஒரு மூடி வளர்கிறது. மூடி மெல்லியதாக இருக்கும் இடத்தில் ஒருநாள் கிழிந்தால் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். இதயத்தில் என்றால் மாரடைப்பு. கால் குழாய் சுருங்கினால் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் விட்டுவிடும். கழுத்துக் குழாயிலும் படியும்.

உள்ளே எவ்வளவு படியும் என்பதை எல்டிஎல்லின் அளவும் அது இருந்த ஆண்டுகளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. வட்டிக்கணக்கு மாதிரி பாருங்கள். எல்டிஎல் 110 உள்ளவர் 70 வயதில் சேர்த்தது 110 பெருக்கல் 70, அதாவது 7,700. பிறவியிலிருந்து 220 உள்ளவர் அதே 7,700ஐ 35 வயதில் தொட்டுவிடுகிறார். 45 வயதில் சாப்பாட்டால் 220க்கு ஏறியவருக்கு அந்த முன்கடன் இல்லை. இன்றைய ரிப்போர்ட் இருவருக்கும் ஒன்றாக இருந்தாலும் குழாய்கள் ஒன்றல்ல. சிகிச்சை இல்லாவிட்டால் இந்த நோயுள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 வயதுக்குள்ளும், பெண்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு 60 வயதுக்குள்ளும் இதயக்குழாய் நோய் வருகிறது. சிகரெட் இந்த வயதுகளை இன்னும் முன்னால் இழுக்கும்.

டிரெட்மில் டெஸ்ட் நார்மல். பயப்பட வேண்டாம்தானே?

குழாய் நன்றாகச் சுருங்கியிருந்தால்தான் டிரெட்மில்லில் தெரியும். கிழியக் காத்திருக்கும் படிவுகளில் பல அவ்வளவு சுருக்கம் செய்திருக்காது. நார்மல் என்ற முடிவு மாத்திரையைத் தள்ளிப்போட அனுமதிச் சீட்டு அல்ல.

எனக்கு உறுதியாகிவிட்டது. வீட்டில் யார் யார் பார்க்க வேண்டும்?

பெற்றோர் இருவர், அண்ணன் தம்பி அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லாரும். ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, ஆண் பெண் வித்தியாசம் இல்லை. அப்பா பக்கம் என்று தெரிந்தால் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று கிளை கிளையாகப் போக வேண்டும். நெதர்லாந்தில் 1994 முதல் 2013 வரை இதைத் தேசியத் திட்டமாகவே செய்தார்கள். ஸ்லோவேனியாவில் ஐந்து வயதுக் குழந்தைகள் எல்லாருக்கும் கொலஸ்ட்ரால் பார்க்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலை குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. "எல்லாரும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள். உங்கள் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து, எல்டிஎல் எண்ணில் வட்டம் போட்டு, "இது பரம்பரை, உங்களுக்கும் பாதி வாய்ப்பு, லிப்பிட் புரொஃபைல் மட்டும் போதும்" என்று ஆளுக்கு ஆள் அனுப்புங்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இதை மறைப்பார்கள். மாத்திரையால் அடங்கும் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு முப்பத்தெட்டில் மாரடைப்பை வரவழைப்பதில் என்ன கெளரவம் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால்?

தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று மணக்கும் குடும்பங்களில் இதைக் கவனிக்கக் காரணம் இருக்கிறது. கணவன் மனைவி இருவருக்குமே ஒற்றைப் பழுது இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு மரபணுவும் பழுதாக வரும். அந்தக் குழந்தைகளுக்கு எல்டிஎல் பெரும்பாலும் 400ஐத் தாண்டும். பத்து வயதுக்குள் முழங்கை, முழங்கால், பிட்டம், விரலிடுக்கில் மஞ்சள் கொப்புளங்கள் வரும். தோல் நோய் என்று களிம்பு தடவிக்கொண்டே காலம் போகும். பெருந்தமனியின் வாய் சுருங்கி, பதின்ம வயதிலேயே மாரடைப்பு வரலாம். கொக்கி அறவே இல்லாதவர்களிடம் மாத்திரை சொற்பமாகத்தான் வேலை செய்யும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டயாலிசிஸ் மாதிரி, ரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டி எல்டிஎல்லை மட்டும் வடித்தெடுக்க வேண்டிவரும். 1984இல் அமெரிக்காவில் ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இதயமும் கல்லீரலும் சேர்த்து மாற்றியது இந்த நோய்க்காகத்தான். புதுக் கல்லீரல் வந்ததும் கொலஸ்ட்ரால் வெகுவாக இறங்கியது. கோளாறு எந்த உறுப்பில் இருக்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

குழந்தைக்கு எப்போது பார்ப்பது? மாத்திரை கொடுக்கலாமா?

ஒரு பெற்றோருக்கு இருந்தால் 5 முதல் 10 வயதுக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருவருக்கும் இருந்தாலோ, தோலில் மஞ்சள் கொப்புளம் தெரிந்தாலோ வயது பார்க்காமல் உடனே பார்க்க வேண்டும். ஒற்றைப் பழுதுள்ள பிள்ளைக்கு ஸ்டாட்டின் தொடங்கும் வயது பொதுவாக 8 முதல் 10. பத்து வயதுக்கு மேல் இலக்கு 135க்குக் கீழ். சின்னப் பிள்ளைக்கு வாழ்நாள் மாத்திரையா என்று தயங்குவது இயல்பு. நெதர்லாந்தில் 214 பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே ஸ்டாட்டின் தொடங்கி 20 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 39 வயதுக்குள் இதய நோய் வந்தவர்கள் 1 சதவீதம். நோயிருந்த அவர்கள் பெற்றோரில் அதே வயதுக்குள் 26 சதவீதம். முன்பு சொன்ன வட்டிக்கணக்கில், கடன் ஏறுமுன் அடைக்கத் தொடங்கியதன் பலன் இது.

எண்ணெயை நிறுத்தி, ஒல்லியாக இருந்தால் போதாதா?

இந்த நோய்க்காரர்களில் பலர் ஏற்கெனவே ஒல்லிதான். நெய், வனஸ்பதி, பாமாயில், தேங்காய் எண்ணெய், பேக்கரி பண்டம், கொழுப்போடு ஆட்டுக்கறி இவற்றைக் கட்டுப்படுத்தினால் எல்டிஎல் 10 முதல் 15 சதவீதம் இறங்கும். 240 என்பது 205 ஆகும். செய்ய வேண்டியதுதான், ஆனால் அது கொக்கியைச் சரிசெய்யாது. பூண்டு, வெந்தயம் ரசத்துக்கு நல்லவை, இந்த அளவு எல்டிஎல்லுக்கு மருந்தாகா. 'இயற்கை' என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையில் இருப்பது லோவாஸ்டாட்டினேதான், அளவு எழுதாத லோவாஸ்டாட்டின்.

மருந்து எவ்வளவு, எந்த வரிசையில்?

ஜப்பானின் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளில்தான் ஸ்டாட்டின்களின் கதை தொடங்குகிறது. இவை கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கும். பற்றாக்குறை வந்ததும் கல்லீரல் மிச்சமிருக்கும் நல்ல மரபணுவைக்கொண்டு அதிகக் கொக்கிகளைப் போடும்.

240ல் தொடங்குகிறோம் என்று வையுங்கள். அட்டோர்வாஸ்டாட்டின் 40-80 அல்லது ரோசுவாஸ்டாட்டின் 20-40 மி.கி. பாதியாக்கும்: 120. குடலில் கொலஸ்ட்ரால் ஏறுவதைத் தடுக்கும் எசெடிமைப் 10 மி.கி. அதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும்: 96. இதய நோய் வராதவருக்கு இலக்கு 70க்குக் கீழ், வந்தவருக்கு 55க்குக் கீழ். ஆக 96 போதாது. பிசிஎஸ்கே9 தடுப்பு ஊசி சுமார் 60 சதவீதம் குறைக்கும்: 38.

ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும். அதனால் ஒரே மாத்திரையை ஏற்றிக்கொண்டே போவதைவிட இரண்டாவதைச் சேர்ப்பது மேல். ரோசுவாஸ்டாட்டின் நம்மைப் போன்ற ஆசியர்களின் ரத்தத்தில் அதிகமாகத் தங்கும், எனவே 5 மி.கி.யில் தொடங்கி ஏற்றுவார்கள். இவ்விரண்டு ஸ்டாட்டின்களையும் எந்த நேரத்திலும் சாப்பிடலாம். சிம்வாஸ்டாட்டின் மட்டும் இரவில். தொடங்கி 4 முதல் 12 வாரத்தில் மறுபரிசோதனை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது. சிகிச்சை உடைவது பெரும்பாலும் இந்த மறுபரிசோதனையில்தான்: "நார்மலுக்கு வந்துவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துவார்கள், சில வாரத்தில் பழைய எண் திரும்பிவிடும்.

ஸ்டாட்டின் சாப்பிட்டால் தசை வலி, கல்லீரல் பாதிப்பு, சர்க்கரை வரும் என்கிறார்களே?

மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். பக்கவிளைவுகளால் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு லண்டனில் ஒரு சோதனை செய்தார்கள். சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை. ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் வலிக்குக் காரணம் மருந்துதான் என்று முடிவுகட்ட அவசரப்படக் கூடாது. வேறு ஸ்டாட்டின், குறைந்த அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முயன்று பார்க்கலாம். எதுவுமே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு பெம்படோயிக் ஆசிட் 180 மி.கி. இருக்கிறது. அது தசைக்குள் வேலை செய்யாது.

உண்மையில் பயப்பட வேண்டியது அரிதாக வரும் தசைச் சிதைவுக்கு. தாங்க முடியாத வலி, பலவீனத்தோடு சிறுநீர் காபி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொண்டைத் தொற்றுக்கு கிளாரித்ரோமைசின் எழுதும்போது அட்டோர்வாஸ்டாட்டினோ சிம்வாஸ்டாட்டினோ சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள், அந்தச் சேர்க்கை ஆபத்தானது. கல்லீரல் நொதிகள் இயல்பு உச்சத்தின் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் நிறுத்த யோசிப்பார்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்பவர்களைக் கொஞ்சம் முன்னதாக உள்ளே தள்ளும் என்பது உண்மை. எல்டிஎல் 240 உள்ளவருக்கு அந்த விலை கொடுக்கத் தகுந்ததே.

ஊசி எப்படி வேலை செய்கிறது?

பிசிஎஸ்கே9 என்ற புரதம் கொக்கிகளை அழிவுக்கு அனுப்புகிறது. எவோலோகுமாப் போன்ற ஊசிகள் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் கொக்கிகள் திரும்பத் திரும்பப் பயன்படும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். இன்க்ளிசிரான் அந்தப் புரதம் உருவாவதையே தடுக்கும். முதல் ஊசி, மூன்று மாதம் கழித்து இரண்டாவது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. விலைதான் தடை.

கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறேன். என்ன செய்வது?

பொதுவாகக் கருத்தரிக்க முயல்வதற்கு 1 முதல் 3 மாதம் முன்பு ஸ்டாட்டினை நிறுத்தச் சொல்வார்கள். இதய நோய் ஏற்கெனவே இருந்தால் இதயநோய் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடும்போதே தெரியாமல் கருத்தரித்துவிட்டால் அதற்காகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை. நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொன்னால் போதும். பால் கொடுப்பதை முடித்ததும் திரும்பத் தொடங்கும் தேதியைக் குறித்து வையுங்கள். இரண்டு பிரசவத்தில் நான்கைந்து ஆண்டு மருந்தில்லாமல் போய்விடுவது சாதாரணமாக நடக்கிறது.

எல்பி(ஏ) என்று ஒரு டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள். அது என்ன?

எல்டிஎல் துகளின்மேல் இன்னொரு புரதம் சுற்றிக்கொண்டால் அது லிப்போபுரோட்டீன்(ஏ). 1963இல் நார்வேயின் கோரே பேர்க் கண்டுபிடித்தது. அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கும். சாப்பாடு, நடை எதற்கும் அசையாது, ஸ்டாட்டினும் குறைக்காது. உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு 50 மி.கி.க்கு மேல் இருக்கிறது. தெற்காசியர்களிடம் ஐரோப்பியர்களைவிடக் கூடுதல். மாரடைப்போடு பெருந்தமனி வால்வு சுருக்கத்துக்கும் காரணமாகிறது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். உயர்ந்திருந்தால் எல்டிஎல், ரத்த அழுத்தம், சிகரெட் மூன்றிலும் கூடுதல் கண்டிப்பு தேவை.

எல்டிஎல் சரி, ட்ரைகிளிசரைடு 1,500. இதுவும் பரம்பரையா?

இருக்கலாம். 1,000க்கு மேல் போனால் முதல் பயம் இதயத்துக்கல்ல, கணையத்துக்கு. மேல்வயிற்றில் கடும் வலியோடு கணைய அழற்சி வரும். குழாயில் எடுத்த ரத்தம் பால் கலந்த மாதிரி இருக்கும். மது, கட்டுப்படாத சர்க்கரை இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் சேர்ந்து ஏறி, உள்ளங்கை ரேகைகளில் மஞ்சள் ஓடியிருந்தால் அது ஏபோஇ மரபணு சார்ந்த வேறொரு வகை. அது கால் ரத்தக்குழாய்களையும் விட்டுவைக்காது.

டாக்டரிடம் போகும்போது எதை எடுத்துப் போவது?

மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த ரிப்போர்ட். எவ்வளவு பழையதானாலும் சரி, கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் எடுத்ததானாலும் சரி. கூடவே ஒரு தாளில் தாத்தா பாட்டி வரை பெயர், இதய நோய் வந்த வயது, இறந்த வயது. "நெஞ்சுவலி", "தூக்கத்தில் போனார்", "வாயுப்பிடிப்பு என்றார்கள்" என்று வீட்டில் சொல்வதை அப்படியே எழுதுங்கள். 43 வயதில் வாயுப்பிடிப்பில் இறந்தவர் எதில் இறந்திருப்பார் என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.